குழியின் மேல் இருந்த நாற்காலி

வயது பதினேழு. சிறுமி என்பதால் என் பெயர் இந்த வாக்குமூலத்தில் இல்லாமல் தனித்தாளில் எழுதப்பட்டுள்ளது. பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் உள்ள இஸ்திரிக் கடையின் பின் அறையில் குடியிருக்கிறோம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். அப்பாவும் அம்மாவும் இஸ்திரி போடுவார்கள், நான் மடித்துக் கட்டுவேன். வீடுகளுக்குப் போய்த் துணி வாங்கி வருவது அப்பாவின் வேலை.

கடை வாசலில், நடைபாதையில் இருந்த சாக்கடை மூடி மழைக்காலத்தில் உடைந்துபோனது. அப்பா நகராட்சி அலுவலகத்தில் பலமுறை சொல்லியும் யாரும் வரவில்லை. அதன் பிறகு எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியை அந்தக் குழியின் மேல் நிறுத்தி வைத்தார்.

"என்ன அண்ணே, சேருக்கும் வேலை போட்டுக் குடுத்துட்டீங்களா?" என்று துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

"அது நம்ம மேனேஜர். சம்பளமும் கேக்காது, லீவும் கேக்காது" என்பார் அப்பா.

அவர் துணி மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கி வருவார். மூட்டை முகத்தை மறைத்துவிடும். நாற்காலி முழங்காலில் பட்டதும் விலகிக் கடைக்குள் திரும்புவார்.

சம்பவத்தன்று மாலை அப்பா துணி வாங்கப் போயிருந்தார், அம்மா பின் அறையில் இருந்தார். அப்போது நகராட்சியின் சாலை மேற்பார்வையாளர் வந்து, "நடைபாதை என்ன உங்க வீட்டு ஹாலா? எடும்மா சேரை. இல்லேன்னா கடையையே தூக்கிருவோம்" என்றார். நான் குழியைக் கையால் காட்டினேன். "அதுக்கு வேற ஆள் வருவாங்க. நீ முதல்ல இத எடு" என்றார். எனக்குப் பெரியவர்களிடம் பதில் பேச வராது. நான் அதை உள்ளே கொண்டுபோகும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் நாற்காலியைத் திரும்ப வைக்க எடுத்து வந்தேன். அதற்குள் அப்பா வாசலை நெருங்கிவிட்டார். "அப்பா, நில்லுங்க" என்று கூப்பிட்டேன், அப்போது பேருந்து ஹாரன் அடித்தது. அவர் முழங்காலால் தேடித் தேடி நடந்து வந்தார். நாற்காலி என் கையில் இருந்தது. அதன் பிறகு மூட்டை குழியின் மேலே கிடந்தது, அப்பாவைக் காணவில்லை. கான்கிரீட் விளிம்பில் தலை அடிபட்டு, ஆஸ்பத்திரியில் விடிவதற்கு முன் இறந்துபோனார்.

அன்று தங்கள் ஆள் யாரும் கடைக்கு வரவில்லை, குழி இருப்பது தெரிந்தும் அப்பாதான் கவனிக்காமல் விழுந்தார் என்று நகராட்சி சொல்வதாக அறிந்தேன். மேற்பார்வையாளர் வந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். "உங்கப்பா போயிட்டாரு. கடையும் போச்சுன்னா நாம என்னடி பண்றது? யாரும் வரலன்னு சொல்லிடு கண்ணு" என்று அம்மா சொல்லி அனுப்பினார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அன்று மேற்பார்வையாளர் வந்தார். நாற்காலியை எடுக்கச் சொன்னார். நேரில் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.

பெண் காவலர் முன்னிலையில் இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "கவனக்குறைவாக நடந்து வந்து" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். எழுதியவர் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் என்னிடம் சிறு கையெழுத்து வாங்கினார். மற்றவை எல்லாம் நான் சொன்னபடியும் நடந்தபடியும் இருக்கின்றன.

(கையொப்பம்)