ஸ்டியரிங் பிடிச்ச கை

இல்ல பெர்மெத், நீ புதுசாக்குற இந்த இணையதளத்துல பின்னணிக் கலர என்ன வேணா பண்ணிக்கோ மா. அந்தப் பச்சை கண்ணக் குத்துதுன்னு இருபது வருஷமா எல்லாரும் திட்டுறாங்க, நாந்தான் பிடிவாதமா மாத்தாம உக்காந்திருந்தேன். எழுத்து பெருசாகட்டும், போன்ல பாக்க வசதியா இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஓரத்துல முப்பத்தொண்ணுன்னு ஒரு நம்பர் காட்டுது பாரு, அதை மட்டும் அழிச்சிடாத. திறக்கவும் வேண்டாம்.

ஏன்னு கேப்பன்னு தெரியும். முதல்ல டீயக் குடி. பாதிக் கிண்ணம்தான ஊத்தியிருக்கேன், முழுசா ஊத்தினாதான நம்ம பக்கம் கிளம்புன்னு அர்த்தம், இன்னும் நாலு தடவ ஊத்துவேன், அவசரமே இல்ல. ஜாம் என் பொண்டாட்டி போட்டது. இனிப்பு பத்தலன்னாலும் நல்லாருக்குன்னு சொல்லிடு, உள்ள இருந்து கேட்டுக்கிட்டுதான் இருப்பா.

நீ பொறக்கறதுக்கு முந்தி வந்த படங்க இதெல்லாம். உப்பு லாரி, மொத்தம் அஞ்சு. எர்மெக்னு ஒரு டிரைவர், கோச்கோர்ல உப்பு ஏத்திக்கிட்டு மலை தாண்டி நாரினுக்குப் போவான், அவ்ளோதான் கதை. பல்செட்டு செய்யிற எனக்கு எதுக்கு இந்த வேலைன்னா, பைத்தியம், வேற என்ன. அதே பைத்தியம் சோவெத்பெக்குக்கும் இருந்துச்சு. அவன் கோச்கோர்ல பள்ளிக்கூட வாத்தியார், நான் இங்க பிஷ்கெக்ல. ரெண்டு பேரும் சேந்துதான் இந்தத் தளத்த ஆரம்பிச்சோம். அப்பல்லாம் போன் லைன்ல ஒரு போட்டோ ஏத்துறதுக்குள்ள ஒரு ஆட்டையே வேக வச்சிறலாம்.

தவறுகள்னு ஒரு பக்கம் இருக்கும், பாத்தியா? எழுநூத்திச் சொச்சம் இருக்கு அதுல. மலை ஏறும்போது லாரிக் கண்ணாடி உடைஞ்சிருக்கும், இறங்கும்போது முழுசா இருக்கும், அந்த மாதிரி. எந்தப் படம், எந்த நிமிஷம், யாரு கண்டுபிடிச்சது, எல்லாம் எழுதியிருக்கும். கண்ணுக்குத் தெரியிற ஆதாரம் இல்லாம ஒரு வரி உள்ள வரக்கூடாது, அது நான் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தால எனக்கு ஊர் பூரா விரோதி.

நாலாவது படத்துல பனியில லாரி வழுக்குற இடம் இருக்குல்ல. நடிகருக்கு லாரி ஓட்டத் தெரியாது, ஸ்டியரிங் பிடிக்கிற கை எங்கப்பாவோடதுன்னான் சோவெத்பெக். இருக்கலாம், அவங்கப்பா நிஜமாவே உப்பு லாரிதான் ஓட்டினாரு. ஆதாரம் என்னடான்னேன். இடது கை மோதிர விரல்ல நுனி இருக்காது, லாரி பானெட்டு விழுந்து நசுக்கினது, உத்துப் பாருடான்னான். எங்க பாக்குறது? அப்ப எங்கிட்ட இருந்தது தேஞ்சுபோன டேப்பு, அதுல கை பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கும். அதனால அவன் எழுதினதுக்குப் பக்கத்துல சிவப்புல போட்டேன், ஆதாரமில்லைன்னு.

ஆமா, அவங்கப்பா கைன்னு அவன் சொல்றான், நான் ஆதாரம் கேட்டிருக்கேன். நீ அப்படிப் பாக்காத மா. இப்பத் தெரியுது, அப்பத் தெரியல.

அவன் எல்லார் முன்னாடியும் என்னக் கிழிச்சு எழுதினான். ஊரான் வாய்க்குப் பல்லு கட்டுறவனுக்கு எங்கப்பன் விரலப் பத்தி என்னடா தெரியும்னான். எனக்கு வந்துச்சு பாரு கோவம், அவனத் தடை பண்ணிட்டேன். அவன் கூட சேந்து ஆரம்பிச்ச தளத்துல அவனையே. தடை பண்ணின ஆளு எழுதுறது வெளிய வராது, ஒரு பெட்டியில போய் விழும், நான் திறந்து பாத்து விட்டாதான் உண்டு. அதான் அந்த முப்பத்தொண்ணு. எல்லாமே அவனோடது. ஏழு வருஷமா நான் ஒண்ணையும் திறக்கல. வந்து மன்னிப்புக் கேக்கட்டும்னு இருந்தேன், வேற ஒண்ணும் இல்ல, திமிரு.

இப்ப நீ முகப்புக்குன்னு அந்த நாலாவது படத்தோட தெளிவான புதுப் பிரதியில இருந்து பெருசா ஒரு காட்சிய எடுத்துப் போட்டிருக்க. ரெண்டு கை, ஸ்டியரிங், பின்னாடி பனி. காலையில இருந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அழகா இருக்குன்னு போட்டியா? அழகுதான். இங்க பாரு, இடது கை, மோதிர விரல். நகமே இல்லல்ல? நுனி இல்ல மா. அவங்கப்பா கைதான்.

அவனுக்குப் போன் பண்ணினேனான்னு கேக்குறியா? பண்ண முடியாது.

போன வருஷம் போயிட்டான். ஈரல்ல என்னமோ. எனக்கு யாரும் சொல்லல. தளத்துலயே ஒருத்தர் எழுதி, அதப் படிச்சுத்தான் எனக்கே தெரியும். அதுக்குள்ள நாப்பதாம் நாள் வந்துருச்சு. சாவு வீட்டுக்கு ஆம்பள எப்படிப் போகணும், தெருவுலயே ஐயோ என் நண்பான்னு கத்தி அழுதுக்கிட்டுல்ல போகணும். நான் விருந்தாளி மாதிரி ஆப்பிள் பையத் தூக்கிக்கிட்டுப் போனேன். பசங்க மரியாதையா உக்கார வச்சு டீ குடுத்தாங்க. அவன் பொண்டாட்டி சூரா வந்தா. ஒரு வார்த்த திட்டல.

உங்களுக்குத்தாண்ணே முதல்ல எழுதினாருன்னா. ஆஸ்பத்திரியில கைய விரிச்சு வீட்டுக்கு அனுப்பின அன்னைக்கே தளத்துல எழுதினாராம். என் பேரச் சொல்லி, மெலிஸ் தினம் மூணு வேள அதப் பாக்குறவன், பாத்ததும் வண்டியேறிருவான்னாராம். இங்க இருந்து கோச்கோர் மூணரை மணி நேரம். அவன் ஜன்னலோரமா கட்டிலப் போடச் சொல்லியிருக்கான், ரோடு தெரியுறதுக்கு.

கடைசியா ஒண்ணு எழுதும்போது சிரிச்சாரு, என்னன்னு சொல்லல, நீங்க படிச்சீங்களாண்ணேன்னு கேட்டா. படிச்சேன்னு சொல்லிட்டேன். ஆமா, பொய்தான். அந்த வீட்டுல உக்காந்துக்கிட்டு வேற என்ன மா சொல்லுவேன்? அடுத்த மாசம் வருஷச் சாப்பாடு. போனா கேப்பா, என்ன எழுதியிருந்தாருன்னு.

சரி, திற. மேல இருக்கிறத விடு, அதெல்லாம் திட்டுதான் இருக்கும். அந்த ஆஸ்பத்திரி நாளோடதும் இப்ப வேணாம். கடைசி ஒண்ண மட்டும் படி. கண்ணாடியெல்லாம் இருக்கு, கண்ணும் தெரியுது. நீயே படி, கொஞ்சம் சத்தமா.

ம்.

அவன் எழுதினத அப்படியே இன்னொரு தடவ படி.

மெலிஸ், மூணாவது படம், அறுபத்திரெண்டாவது நிமிஷம். எர்மெக் கையில டீ பாதிக் கிண்ணம், அடுத்த காட்சியில முழுக் கிண்ணம். இத்தன வருஷமா பாத்தும் விட்டுட்ட பாரு. சேத்துக்கோ.

அவ்ளோதானா? ஏன் வரலன்னு ஒண்ணும் கேக்கலையா? கீழ நகத்திப் பாரு. ஒண்ணும் இல்லையா?

சரி. சேத்துக்கோன்னுருக்கான்ல, சேத்துடு மா. கண்டுபிடிச்சவர்னு இருக்கிற இடத்துல அவன் பேரு. தேதி அவன் எழுதின தேதியே இருக்கட்டும். நாலாவது படத்துக்கிட்ட இருக்கிற அந்தச் சிவப்ப எடுத்துடு.

என்னது, தடைய எடுத்தாத்தான் அவன் பேரு வருமா? எங்க இருக்கு அது? இல்ல, நீ கைய எடு. எதை அமுக்கணும்னு மட்டும் காட்டு. அன்னைக்கு நாந்தான் அமுக்குனேன்.