பதிலுக்குப் போட்ட கூ

நானுஓயாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"நாங்களும் திருப்பிக் கூ போட்டோம்க்கா."

"யாருக்குடி?"

"மலையேற வந்து, வழுக்கி விழுந்து, எந்திரிக்க முடியாமயே கெடந்து செத்தானே, அந்தக் கொழும்புப் பையனுக்கு. அவன் கெடந்த பாறைக்குக் கீழதான் நாங்க கொழுந்தெடுத்தோம். ஒரே பனி, ஆளு தெரியல. மேல ஏறுறவங்க எல்லாருமே வெளையாட்டுக்குக் கூ போடுவாங்கல்ல? அப்பிடித்தான்னு நெனச்சு, அவன் போடப் போட நாங்களும் சிரிச்சுக்கிட்டே போட்டோம்."

"தெரியாமத்தானே செஞ்சீங்க."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. இளையவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இல்லக்கா. எங்க சத்தம் கேட்டதால, தூக்க ஆளு வருதுன்னுதானே கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டு கெடந்திருப்பான்?"