வாசித்துக் காட்டப்பட்டது

எங்கள் ஆட்கள் கடற்கரைக்குப் போனால் முதலில் இறங்குவது சோற்றுச் சட்டிதான். துவாயும் குடையும் பிறகு. மயோர்க்காத் தீவில் அந்தச் சின்னக் குடாவுக்குப் போக வாகனப் பாதை இல்லை. பைன் மரங்களுக்கு நடுவே கல்லில் வெட்டிய படிகள், நூற்று நாற்பதுக்கு மேல். அத்தனை படியையும் அன்ரனிற்றா கோழிப் புரியாணிச் சட்டியோடு இறங்கினாள். "என்ன பிள்ளை, கீழே கலியாண வீடோ?" என்று கேட்டேன். "பசிச்சால் கடல் தண்ணியையோ குடிக்கப்போறியள் மாஸ்டர்?" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அது பிடிக்கும்.

அம்மணி, விசாரணைக்கு வரச்சொல்லி நாள் குறித்து நீங்கள் அனுப்பிய ரெர்மின் கடிதத்தில், தேவையென்றால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டுச் சிரித்தேன். இந்த வுப்பர்டால் நகரில் யோசேப்பு மாஸ்டர் என்று கேட்டால் எந்தத் தமிழரும் என் வீட்டு மணியைக் காட்டுவார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம், எல்லாவற்றுக்கும் முப்பத்துநான்கு வருடமாக என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுதித் தருகிறேன். மொழிபெயர்க்கிறவன் "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது, "நான்" என்றே சொல்லவேண்டும் என்பது தொழில் ஒழுங்கு. அதனால் ஜெர்மனில் நான் எப்போதும் அடுத்தவனுடைய "நான்" ஆகத்தான் இருந்திருக்கிறேன். என்னுடையதைச் சொல்ல அந்த மொழியில் எனக்கு வாய் வராது.

நான் பாசையூர்க்காரன். கடலோரத்தில் பிறந்தவன், நன்றாக நீந்துவேன். என்னை அந்தக் குடாவுக்குக் கூட்டிப்போன ஜோன்சன் மன்னார் ஆள். மன்னார் என்றவுடன் மீன்பிடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுடைய ஊர் முருங்கன், வயலும் குளமும் உள்ள இடம். இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் வந்தால் அவன் சிலுவை போடுவான். அன்ரனிற்றா அவனுடைய மனைவி. லக்சிகா மகள், டுசல்டோர்ஃபில் சட்டம் படிக்கிறாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் நான். இந்தக் குடும்பத்தை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜோன்சனும் அவனுடைய தமையன் டக்ளஸும் 1993இல் ஒரே நாளில் அகதி விசாரணைக்கு வந்தார்கள். அந்த விசாரணையில் ஒரு முறை உண்டு. அதிகாரி கேட்பார், நான் தமிழில் கேட்பேன். ஆள் சொல்லுவார், நான் ஜெர்மனில் சொல்லுவேன், அதைத் தட்டச்சில் அடிப்பார்கள். முடிந்ததும் அடித்த தாளை நான் முதலிலிருந்து தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். "சரியோ?" என்று கேட்பேன். "ஓம் மாஸ்டர், சரி" என்பார்கள். கையெழுத்து விழும். இதை வேறு யாரிடமாவது கொடுத்துப் பார்க்கிறேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. நம்மட ஆள், கோயிலில் வாசகம் வாசிக்கிற மனுசன், அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று கூச்சப்பட்டார்கள். நல்ல சனம்.

டக்ளஸ் முதலில் வந்தான். "பதினொரு நாள் பிடிச்சு அடைச்சு வச்சிருந்தவங்கள் மாஸ்டர். இஞ்ச பாருங்கோ, ரெண்டு விரலில நகம் இல்லை" என்று கையை மேசையில் வைத்தான். நான் அதிகாரியிடம் பதினொரு மணித்தியாலம் என்று சொன்னேன். நகத்தைக் கதவில் நசுக்கிக்கொண்டதாகச் சொன்னேன். வாசித்துக் காட்டும்போது பதினொரு நாள் என்றும் நகத்தைப் பிடுங்கினார்கள் என்றும் வாசித்தேன். "ஓம், சரி" என்று ஒப்பமிட்டான்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் கிழமையில் மட்டும் ஒன்பது பேர் வந்து ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஒன்பதாவது ஆள் சொல்லும்போது அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் ஒன்றையே சொன்னால் ஒருவரையும் நம்பமாட்டார்கள். ஒருவனுடையது சின்னதாக இருந்தால்தான் அடுத்தவனுடையது பெரிதாகத் தெரியும். டக்ளஸுக்குப் பிறகு ஜோன்சன் வரவேண்டியிருந்தது. வயது இருபத்திரண்டு, வாசலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான். தமையனுடையதைக் குறைத்தேன், தம்பியுடையதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். தம்பிக்கு விசா கிடைத்தது. முப்பது வருட வாழ்க்கை, மனைவி, மகள், வீடு, எல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் என் வாயிலிருந்து வந்தவை. இதை நான் யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டதில்லை.

டக்ளஸை 1996இல் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அவன் விமானம் ஏறிய திகதியில் ஜோன்சன் ஒவ்வொரு வருடமும் பூசை ஒப்புக்கொடுப்பான். மன்றாட்டில் டக்ளஸின் பெயரை நான்தான் வாசிப்பேன். தெளிவாக வாசிப்பேன்.

அவனைப் போல வேறு சிலருடையதையும் குறைத்தேன். எனக்கு நினைவில் இருப்பவர்கள் இருபத்தாறு பேர். பெயர்களைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். இருபத்தாறு பேரைக் குறைத்ததால் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் யாராவது எண்ணிப் பார்க்கவேண்டும்.

போன வருடம் லக்சிகா படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதினாள். அதற்காகப் பெரியப்பா டக்ளஸின் அகதி விசாரணைக் கோப்பை விண்ணப்பித்து எடுத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. ஒக்டோபர் விடுமுறைக்கு மயோர்க்கா போகிறோம், நீங்களும் வரவேண்டும் என்று ஜோன்சன் வீட்டுக்கு வந்து நின்றான். "நீங்கள் வராட்டி நாங்களும் போகேலை மாஸ்டர். தனிய இருந்து என்ன செய்யப்போறியள்?" என்றான். மறுக்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை அந்தக் குடாவுக்குப் போனோம். முதல்நாள் இரவு காற்று அடித்திருந்தது. வானம் வெளித்துவிட்டாலும் கடல் இன்னும் அடங்கவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறை, நடுவில் ஒரு துண்டு மணல், கண்ணாடி மாதிரிப் பச்சைத் தண்ணீர். அன்ரனிற்றா துணியை விரித்தாள். கரண்டிகளைக் காரில் விட்டுவிட்டோம் என்று லக்சிகா முணுமுணுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். இடது பக்கப் பாறையில் ஒரு குகை இருக்கிறது, பார்ப்போம் வாருங்கள் என்று ஜோன்சன் என்னைக் கூப்பிட்டான்.

பாறை விளிம்பில் நின்றுகொண்டுதான் சொன்னான்.

"மாஸ்டர், ஒரு உதவி. அண்ணைன்ர பேப்பரில பிழையா அடிச்சுப்போட்டாங்கள். நாள் எண்டதை மணித்தியாலம் எண்டு. நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள், அவர் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. அண்ணை இனி வரப்போறேல்லை, எனக்குத் தெரியும். ஆனா அவர் பொய்க்காரன் எண்டு அங்க எழுதிக் கிடக்கக்கூடாது."

"கட்டாயம் எழுதித் தாறன் தம்பி" என்றேன்.

"லக்சி சொல்லுறாள், அந்த நேரம் வந்த மற்ற ஆக்களின்ர பேப்பரையும் எடுத்துப் பாக்கப்போறாளாம். இப்பிடி எத்தனை பேருக்குப் பிழை விட்டாங்களோ, பாவிகள்."

அவன் என்னைச் சந்தேகப்படவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். கடைசிவரை சந்தேகப்படவில்லை. தட்டச்சு அடித்தவர்கள்மேல்தான் அவனுக்குக் கோபம். ஆனால் இருபத்தாறு தாளையும் ஒரு மேசையில் வைத்துப் பார்த்தால், தட்டச்சு அடித்தவர்கள் வேறுவேறு ஆட்கள், மொழிபெயர்த்தவன் ஒருவன்தான் என்று சட்டம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாமல் போகாது. கோயிலில், கடையில், கேவலார் மாதாவின் யாத்திரையில், எல்லா இடத்திலும் என்னைக் கண்டு எழும்பி இடம் தருகிற சனம். எழுபது வயதில் அதைவிட என்னிடம் வேறு எதுவும் இல்லை. பயந்தேன். அதை மறைக்கவில்லை.

ஜோன்சனை நான் தள்ளவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். குகை நன்றாகத் தெரியட்டும் என்று அவனுக்கு என் இடத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கினேன். அங்கே பாறையில் பச்சைப் பாசி. அதில் கால் வைக்கக்கூடாது என்று பாசையூரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். முருங்கனில் தெரியாது. நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கால் சறுக்கியது. நான் அவனுடைய வலக்கையை மணிக்கட்டில் பிடித்தேன், அவன் என்னுடையதைப் பிடித்தான். பிறகு அவன் கடலில் இருந்தான், நான் பாறையில் இருந்தேன். குதித்திருக்கலாம். இந்த வயதில் குதித்தால் இரண்டு சாவு என்று தீர்மானித்தேன். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

லக்சிகா படியில் நின்று கத்தியது கேட்டது. மேலே ஓடிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டாள். படகு வந்து அவனை எடுக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. தகப்பனோடு அவளும் அந்தப் படகில் ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு நடப்பதை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் நகரத்துத் தொங்குரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஈரமான கை ஒன்று என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கும். நாலு விரலும் பெருவிரலும் தனித்தனியாகத் தெரியும். குனிந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, ஆனால் சட்டைக் கை குளிர்ந்திருக்கும். பனிக்காலத்தில் ஒரு வயதான அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "மூண்டு நாளாய் நெஞ்சு நோகுது" என்றாள். நான் ஜெர்மனில் மூன்று நாள் என்றுதான் சொன்னேன். என் காதுக்குப் பக்கத்தில் ஜோன்சனுடைய குரல், கோபமே இல்லாமல், வழக்கமான மரியாதையோடு கேட்டது: "மாஸ்டர், சரியாச் சொன்னீங்களோ?" திரும்பத் திரும்ப மூன்று நாள், மூன்று நாள் என்று சொன்னேன். மருத்துவர் என்னைப் பார்த்தார். அதோடு இந்த வேலையை விட்டுவிட்டேன். வேலையை விட்டும் கேள்வி நிற்கவில்லை. மன்றாட்டில் இப்போது டக்ளஸ், ஜோன்சன் என்று இரண்டு பெயர் வாசிக்கிறேன். இரண்டுக்கும் பிறகு அதே கேள்வி வருகிறது.

வருடப் பூசை முடிந்த கிழமை, லக்சிகா கேட்டிருந்த பொலிஸ் பதிவு அந்தத் தீவிலிருந்து வந்தது. அதைத் தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். "இது நான் சொன்னதில்லை" என்று அன்ரனிற்றா சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் இந்த விஷயம் உங்களிடம் வந்தது. மறுத்தால் நான் தப்பக்கூடும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய கையெழுத்து பதிவில் இருக்கிறது. ஆனால் அன்று அவள் சொன்னதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான், அதனால் எழுதுகிறேன்.

வந்த பொலிஸ்காரர் இளம் ஆள், ஓட்டல் வேலையில் ஜெர்மன் பழகியவர். அன்ரனிற்றா துவாயைப் போர்த்திக்கொண்டு மணலில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்தது வேலை இடத்து ஜெர்மன். கவலை வந்தால் அதுவும் ஓடிவிடும். என்ன கண்டீர்கள் என்று அவர் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கால் சறுக்கினது. மாஸ்டர் கையைப் பிடிச்சிட்டார். இவரும் மற்றக் கையால பாறையைப் பிடிச்சிட்டார், ஏறிடுவார் எண்டு நினைச்சன். மாஸ்டர் திரும்பி நான் பாக்கிறனோ எண்டு பாத்தார். சோத்துச் சட்டிப் பக்கம் குனிஞ்சிருந்தனான், ஆனா கண்டனான். விரலை விரிச்சு விட்டிட்டார். ஏன் மாஸ்டர் விட்டனீங்கள்?"

பொலிஸ்காரர் பேனாவோடு காத்திருந்தார். கால் சறுக்கியது, மாஸ்டர் கையைப் பிடித்தார், பெரிய அலை வந்தது, மாஸ்டரால் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று ஜெர்மனில் சொன்னேன். எழுதி முடித்து ஜெர்மனில் வாசித்தார். அதை நான் அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்போது, திரும்பிப் பார்த்ததையும் விரலை விரித்ததையும் அவள் சொன்னமாதிரியே சொன்னேன். "எல்லாம் எழுதிட்டாரோ மாஸ்டர்?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, எல்லாம்" என்றேன். கையெழுத்து வைத்தாள்.

அதன்பிறகு ஒரு வருடம் அவள் காத்திருந்தாள். பொலிசுக்கு எல்லாம் தெரியும், அவர்களே ஒன்றும் செய்யவில்லை என்றால் தன்னுடைய கண்தான் பிழையாகக் கண்டதோ என்று நினைத்திருக்கிறாள். மகளிடம்கூடச் சொல்லவில்லை. செத்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள், மன்னித்துவிடுங்கோ மாஸ்டர், அண்டைக்கு ஏதோ உளறிப்போட்டன் என்றாள். நான் குடித்தேன்.

ஆம், நான்தான் விட்டேன். விரலை விரித்துத்தான் விட்டேன். அவள் சொன்னதில் நான் மாற்றியது அந்த ஒரு இடத்தை மட்டும்தான். அவனுடைய முழுப்பெயர், பிறந்த திகதி, ஊர், கால் சறுக்கிய நேரம், அவள் எங்கே இருந்தாள் என்பது, மற்ற எல்லாவற்றையும் ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்திருக்கிறேன். நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.