கெட்டி எலும்பு

ஸ்கேனுக்கு இந்த வளையலையும் கழட்டணுமா? கழட்டலாம்மா, வந்தாத்தானே. கை ஒடஞ்சு கூடினதுலேருந்து விரல் மடங்க மாட்டேங்குது, எறங்காது. இருந்துட்டுப் போகட்டுமா? சரி.

கொஞ்சம் தாங்கிப் புடிம்மா, தோள்கிட்ட காறை எலும்புல கட்டு இருக்குல்ல. காலுக்கடியில என்ன அது, ஸ்பாஞ்சா? நல்லாத்தான் இருக்கு. பகல்ல இப்படி காலைத் தூக்கி வெச்சுப் படுத்து எத்தனை காலமாச்சு. அசையக்கூடாதா? அதுல என்னை மிஞ்ச ஆளில்ல. வாய் மட்டும்தான் நிக்காது. மெதுவாவே எடும்மா, ஒண்ணும் அவசரமில்ல.

மேல ஒரு கை மாதிரி நகருதே, அதுதான் படம் எடுக்குதா? வலிக்கவே இல்லையே. கொழுப்பு, சதை எவ்வளவுன்னு கூட சொல்லிடுமா? அப்ப என் வாய்க்கொழுப்பு தனியாத் தெரியும் பாரு. எம் மருமக அப்படித்தான் சொல்லுவா. அவளா? அவ அம்மா வீட்டுல இருக்கா. போய் நாளாச்சு. சும்மாதான்.

வெளிய நிக்கறது எம் பையன். ஆமா, ஒரே பையன். கார்ல பெல்ட்டு கூட அவனே மாட்டி விட்டான். அப்படி ஒரு பாசம். வேலைக்குப் போறப்ப, நான் படியில எறங்கி விழுந்து வெச்சிடக் கூடாதுன்னு வெளிய பூட்டிட்டுத்தான் போவான்னா பார்த்துக்க. இப்ப நீ அவனை உள்ள வராதீங்கன்னு சொன்னியே, எங்க உன்மேல பாஞ்சிடுவானோன்னு பார்த்தேன். ஆனா இது எக்ஸ்ரே மாதிரி, மத்தவங்க உடம்புக்கு ஆகாதுன்னு நீ சொன்னதும் பேசாம போயிட்டானே! அவன்கிட்ட ஒருத்தர் வெளிய இருன்னு சொல்லி, அவன் கேட்டு, நான் பார்த்ததே இல்ல. இந்தக் கதவு கனமான கதவாம்மா? நாம பேசறது வெளிய கேக்காதே?

சும்மா கேட்டேன்.

எப்படி விழுந்தேனா? இது மாடிப்படி. கை, பாத்ரூம்ல வழுக்கினது. நடுவுல ஒரு விலா எலும்பு. அலமாரிக் கதவு தொறந்திருந்துச்சு, இருட்டுல போய் மோதிட்டேன். என்னம்மா, நீயும் டாக்டர் மாதிரியே மூஞ்சியைப் பார்க்கற? அவரும் இப்படித்தான் பார்த்தாரு. என்னம்மா இது பொலபொலன்னு ஒடஞ்சுக்கிட்டே இருக்கு, எலும்பு கெட்டியா இருக்கா தேஞ்சுபோச்சான்னு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்னாரு. பையனுக்கு முகமே மலர்ந்துடுச்சு. நாளைக்கே எடுத்துடுவோம் டாக்டர்னான். எனக்கும் சந்தோஷம்தான். தேஞ்சிருக்குன்னு வந்துட்டா மாத்திரை குடுப்பாங்க, பாலைக் குடிம்பாங்க. வியாதின்னு ஒரு பேரு கெடச்சுட்டா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாரு.

முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? அந்த டிவியில தெரியறது என்னுதா? கலர் கலரா பட்டை போட்டிருக்கு, பச்சையில ஒரு புள்ளி நிக்குது. பச்சைன்னா மோசம்தானே?

டாக்டர்தான் சொல்லணுமா? சொல்லட்டும்மா. நீ சொன்னதா நான் மூச்சு விட மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லு.

நல்லா இருக்கா.

சரியாப் பாரும்மா. வேற யாரோடதாவது மாறி வந்திருக்கும். என் பேர்தான் போட்டிருக்கா? இடுப்பு? அதுவும் பச்சைதானா? என் வயசுக்கு ரொம்பக் கெட்டியா. அப்படியா.

சந்தோஷம்தாம்மா. அழலையே, யாரு அழறா? வெளிச்சம் கண்ணுல பட்டுடுச்சு. கொஞ்சம் தேஞ்சிருக்குன்னு எழுத முடியாதா? லேசா? ஏன்னு கேக்காத. எழுதக் கூடாதா. உன் வேலைக்கு ஆபத்து, வேணாம், விடு.

வேற போக்கிடமா? எனக்கு யாரு இருக்கா. அவனுக்குத்தான் யாரு இருக்கா? மருமக கூப்பிட்டா, வாங்க அத்தை நாம ரெண்டு பேரும் போயிடலாம்னு. பெத்தவ எப்படிம்மா போறது?

கதவைத் தொறக்காத, இரு. போனதும் என்ன வந்துச்சுன்னுதான் மொதல்ல கேப்பான். நான் என்னத்தைச் சொல்ல? ஒவ்வொரு தடவையும் என் காலைக் கட்டிக்கிட்டு அழுவான்மா. நான் லேசாத்தான் தள்ளினேன், உன் எலும்புதான் உளுத்துப்போச்சும்பான். நானும், ஆமாடா, எலும்புதான்டான்னு தலையைத் தடவிக் குடுப்பேன். ரெண்டு பேரும் அதை நம்பித்தானேம்மா ஒரு வீட்டுல இருக்கோம்.