பித்தளைக் கூண்டு

– நீங்க ஆயிரம் சொல்லுங்க அண்ணி, இந்த ஓட்டல் முதலாளி திறப்புவிழா மேடை ஏறட்டும், மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை கேக்காம நான் நகர மாட்டேன்.

– கேளு. வேண்டாங்கலை. முதல்ல உக்காரு.

– எப்படி உக்கார? கூரைக்குப் புதுக் கண்ணாடி, படிக்கட்டுக்குப் புதுச் சலவைக்கல், எல்லாத்தையும் மாத்திட்டு, லிஃப்டை மட்டும் பழசு மாறாம வச்சிருக்கோம்னு பெருமை வேற. எங்கண்ணன் வெட்டுப்பட்டுச் செத்த கூண்டு அது. அதுக்குப் போய் ரிப்பன் கட்டி வச்சிருக்காங்க.

– என் மேல இருந்ததைவிட அந்தக் கூண்டு மேலதான் உங்கண்ணனுக்குப் பாசம் ஜாஸ்தி. ஓட்டலைக் கட்டின கப்பல் முதலாளி, முழங்கால் வலிக்காரப் பொண்டாட்டிக்காக வரவழைச்ச லிஃப்டாம். நாலு பக்கமும் பித்தளைக் கம்பி, மாடிப்படிக்கு நடுவுல தொங்கும். அந்தம்மா மேல போறதை ஊரே அண்ணாந்து பாக்கணும்னு அப்படிக் கட்டினாராம். ஏறுற விருந்தாளிக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாம ஓட்டவே மாட்டார்.

– அன்னிக்கும் ஊரே அண்ணாந்துதான் பாத்துச்சு. லிஃப்ட் ஓட்டப் போனவன் நடுவழியில கரண்ட் போய் மாட்டிக்கிட்டான். கரண்ட் போகாம இருந்திருந்தா அந்தக் கலவரக் கும்பலை மேல கொண்டு விட்டுட்டுத் தப்பிச்சு ஓடியிருப்பான். விசாரணையில மின்தடைன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டாங்க. இத்தனை பெரிய ஓட்டலுக்கு ஒரு ஜெனரேட்டர் வைக்க வக்கில்லையான்னு கேக்கப் போறேன்.

– அன்னிக்கு நடந்ததை நீ முழுசாக் கேட்டதில்ல.

– யார் சொன்னாங்க கேக்குறதுக்கு? நீங்க வாயே திறக்கலையே.

– இப்பச் சொல்றேன். கலவரத்துல வீடு வீடா இழுத்துப் போட்டு வெட்டினாங்க இல்லையா, தப்பிச்ச குடும்பமெல்லாம் இங்கதான் ஓடி வந்துச்சு. பெரிய இடம், உள்ள வர மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. எல்லாரையும் நாலாவது மாடியில வச்சோம். மத்தியானம் கதவை உடைச்சு வந்துட்டாங்க. வாசல்காரரைத் தலையில கடப்பாரையால ஒரே போடு. அப்புறம் அவருக்கு முகமே இல்ல. வரவேற்புல நின்ன பொண்ணை அந்த மேஜை மேலயே சாய்ச்சு வெட்டினாங்க. படியில ஏறலாம்னா, மேல இருந்த ஜனங்க கட்டிலையும் பீரோவையும் உருட்டிவிட்டு அடைச்சிருந்தாங்க. அதனால கும்பலோட தலைவனும் அவன் ஆளுங்க நாலு பேரும் லிஃப்டுக்கு வந்து, உங்கண்ணன் கழுத்துல அரிவாளை வச்சு, நாலாவது மாடிக்கு ஓட்டுன்னாங்க.

– நீங்க எங்க இருந்தீங்க?

– கீழ, நான் துணி துவைக்கிற சலவைக்கட்டுல. லிஃப்ட் குழி அங்க வந்துதான் முடியும். மேல பேசுறதெல்லாம் கிணத்துக்குள்ள பேசுற மாதிரி கேக்கும். வேலைக்காரங்க விருந்தாளி கண்ணுல படக்கூடாதுன்னு எங்க கதவையெல்லாம் சுவரோட சுவரா மரப்பலகை வச்சு மறைச்சுக் கட்டின ஓட்டல் இது. கீழ இப்படி ஒரு கட்டு இருக்குன்னே அவனுங்களுக்குத் தெரியாது. நாலாவது மாடியிலேர்ந்து சுவருக்குள்ளேயே ஒரு குறுகல் படி எங்ககிட்ட வரும். ஜனங்க அது வழியா இறங்கி, பின்வாசல்ல வெளிய போயிட்டிருந்தாங்க. பாதிப் பேர்கூட இறங்கலை, பிள்ளைங்கல்லாம் இன்னும் மேலதான். அப்பத்தான் லிஃப்ட் கிளம்புற சத்தம் கேட்டுச்சு.

– அந்த நேரம் பாத்தா கரண்ட் போகணும்.

– கரண்ட் போகலை. மெயின் சுவிட்ச் சலவைக்கட்டுச் சுவத்துல இருந்துச்சு. நான்தான் இறக்கினேன்.

– என்ன சொல்றீங்க?

– நான்தான் இறக்கினேன்.

– அண்ணன் உள்ள இருக்கான்னு தெரியாமத்தானே?

– தெரிஞ்சுதான்.

– நீ... இத்தனை வருஷமா எங்கம்மாவுக்குச் சோறு போட்டு, அவங்க அழும்போதெல்லாம் முதுகைத் தடவிக் குடுத்து...

– அத்தை முகத்தைப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? மின்தடைன்னு விசாரணைக்காரங்களா எழுதிக்கிட்டாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்.

– அவன் பட்ட பாடு உனக்குக் கேட்டுச்சுல்ல?

– எல்லாம் கேட்டுச்சு. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு லிஃப்ட். ஓட்டுடான்னு அடிச்சாங்க. கரண்ட் இல்லைங்க, நான் என்ன பண்ணட்டும்னு தன்மையாத்தான் சொன்னார். கைப்பிடியில இருந்த விரலை வெட்டினாங்க. தலையைப் பிடிச்சுக் கம்பியில மோதினாங்க, குழி முழுக்க அதிர்ந்துச்சு. கீழ மடிச்சு வச்சிருந்த வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம் சொட்டிச் சொட்டிச் சிவந்துபோச்சு. அந்தப் பக்கம் ஒரு பொம்பளை கைக்குழந்தை வாயைப் பொத்திக்கிட்டு என்னைத் தாண்டிப் போறா. அவளுக்குப் பின்னால இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க.

– அவன் கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சுன்னாங்களே. உனக்கென்ன கல்லு மனசா? கையை நீட்டி அந்தச் சுவிட்சைப் போட்டிருந்தா என் அண்ணன் இருந்திருப்பான்.

– நீட்டினேன். தாங்க முடியாம சுவிட்ச் மேல கையும் வச்சுட்டேன். குழிக்குள்ள தலையை விட்டு, போட்டுடறேங்கன்னு கத்தினேன்.

– அதுக்கு?

– ‘போட்டே, அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்டி’ன்னார்.