உட்கார்ந்து சொன்ன டாக்டரம்மாவுக்கு, எழுந்து ஓடியவர்கள்

இருட்டறையில் இருந்தபடி எத்தனையோ இல்லங்களின் இருளகற்றியவரே, சாம்பல் நிறத் திரையில் சத்தமின்றி வளர்வதைச் சரியாகக் கண்டவரே, எங்கள் ஸ்கேன் பிரிவின் தலைமகளே, டாக்டரம்மா அவர்களே, வணக்கம்.

பாராட்டு மடலை நின்று படிப்பதே முறை. நாங்களோ உங்கள் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து படிக்கிறோம். சபையோர் இதை மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். காரணம் போகப் போகத் தெரியும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, சிறுநீரகத்தில் கட்டி கண்டால் ரிப்போர்ட் வரட்டும் என்று நீங்கள் யாரையும் காக்க வைத்ததில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராக அமர்வீர்கள். "கட்டின்னாலே கேன்சர் இல்லப்பா. தண்ணி கோத்த பை இருக்கு, கொழுப்புக் கட்டி இருக்கு, அது பாட்டுக்குக் கெடக்கும். கெட்டதும் இருக்கு. சின்னப் புள்ளைங்களுக்கு வர்றது தனி ரகம். உங்களுது எதுன்னு பாத்துடலாம்" என்பீர்கள்.

"எனக்கு ஏம்மா வந்துச்சு?" என்று கலங்கிய லாரி ஓட்டுநரிடம், "சிகரெட், உடம்பு எடை, பிரஷர், பரம்பரை, எதுவும் இருக்கலாம். ஏன்னே தெரியாமயும் வரும். உங்களைத் திட்டிக்காதீங்க, சிகரெட்டைத் திட்டுங்க" என்றீர்கள்.

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனதை மனைவியிடமும் மறைத்த வாத்தியாரிடம், "வெக்கப்பட்டா நின்னுடுமா சார்? நின்னாலும் சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. விலா வலி, கையில தட்டுப்படுற கட்டி, எளைக்கிறது, காய்ச்சல் எல்லாம் பின்னால வரும். பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது. வேற எதுக்கோ வந்து படுப்பாங்க, இது கண்ணுல படும்" என்றீர்கள்.

அப்படித்தான் நீங்களும் படுத்தீர்கள். போன ஆண்டு புது மெஷின் வந்தது. புது மெஷினில் முதலில் நம் ஆள் ஒருவர் படுப்பது இந்தப் பிரிவின் பழக்கம். உங்கள் இடது சிறுநீரகத்தில் எலுமிச்சை அளவு உருண்டை ஒன்று தெரிந்தது.

"மெஷின்ல கோளாறு" என்றார் டெக்னீஷியன்.

"புதுசுன்னு சொல்லி, பழசுக்குப் பெயின்ட் அடிச்சுத் தந்துட்டீங்களா தம்பி?" என்றார் பதிவு மேசை அக்கா.

மெஷினைப் பொருத்த வந்திருந்த கம்பெனி இன்ஜினியர் தம்பி முகம் சுண்டிப்போய், வயிற்றில் வைக்கும் கருவியை மாற்றினார். உருண்டை இருந்த இடத்திலேயே இருந்தது. மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று மிரட்டிக்கொண்டே டெக்னீஷியனைப் படுக்க வைத்தோம். அவருடைய சிறுநீரகம் பளிச்சென்று தெரிந்தது. கோளாறு எதுவும் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. புரிந்த கணமே ஒருவருக்கு ஜெல் எடுக்கப் போக வேண்டியிருந்தது, ஒருவருக்கு அடிக்காத போன் அடித்தது, ஜூனியர் டாக்டருக்குத் தாகம் எடுத்தது. கதவுக்கு வெளியே குனிந்த தலையோடு நின்ற எங்கள் காதில் உங்கள் குரல் விழுந்தது.

"தம்பி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. ரிப்பேர் எனக்குத்தான்."

எத்தனையோ பேருக்காக நீங்கள் இழுத்துப் போட்ட முக்காலியில் அன்று உங்களுக்காக உட்கார எங்களுள் ஒருவரும் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நாணிக் குறுகுகிறோம். பாராட்டும் தகுதி எங்களுக்கு உண்டா என்று கேட்டுக் கேட்டே இந்த மடலை எழுதினோம்.

கட்டி இருந்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்தார்கள். கெட்ட வகைதான், ஆனால் சிறுநீரகத்தைத் தாண்டவில்லை. நீங்கள் வேலைக்குத் திரும்பினீர்கள், ஒரு சொல்லும் குத்திக்காட்டவில்லை. இன்று காலை மறுபரிசோதனை முடிந்து எழுந்தபோதுதான் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள்: "முடிவை இப்ப சொல்லாதீங்க. சாயங்காலம் மடல் படிப்பீங்கல்ல, நல்லதோ கெட்டதோ அதுலயே சொல்லுங்க. அத்தனை பேர் முன்னாடி எப்படி ஓடுறீங்கன்னு பாக்குறேன்."

ஓடவில்லை, டாக்டரம்மா. உங்கள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொல்கிறோம். வலது சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இடதில் மிஞ்சிய பகுதியும் நன்றாக இருக்கிறது. புதிதாக எதுவும் இல்லை.

நலமும் நிறைவும் சூழ நெடுங்காலம் வாழ்க. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், வந்துவிடுங்கள். முக்காலியில் எங்களுள் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

தலைகுனிந்த அன்புடன்,
ஸ்கேன் பிரிவு ஊழியர்கள்