மூஞ்சி இல்லாத ராக்கெட் ஆட்கள்

"மூஞ்சி வரைஞ்சிருந்தா எனக்கு வேணாம், ஆத்தா."

நம் நாட்டு ஆள் ஒருவர் ராக்கெட்டில் போய்வந்த வருடம் அது. போடியில், மலைமேல் போடிமெட்டுக்குப் போகும் ஜீப்பு நிறையட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். சொன்னவர் எனக்கு எதிரே இருந்தார். அவர் மடியில், துண்டுக்குள், தலைக்கவசம் போட்ட பிளாஸ்டிக் விண்வெளி ஆள் ஒன்று. சாயமே பூசாத வெள்ளை. அவருக்குப் பக்கத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண். அவள் விடுவதாயில்லை; எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"ஏண்ணே, மூஞ்சியில்லாத பொம்மைய யாரு வாங்குவா?"

"இது விக்கிறதில்ல. அச்சு சரியாருக்கான்னு கம்பெனியில மொதல்ல ஒண்ணு செஞ்சு பாப்பாக. மெட்ராசுல எம் மச்சினன் அங்கதான் சோலி பாக்குறான். அவுக தூக்கிப் போடுறத எனக்கு எடுத்து வைப்பான். கடைக்கு வர்றது ஊரெல்லாம் இருக்கும். இது எங்கிட்ட மட்டுந்தான்."

"வீட்டுல பிள்ளைக வெளாடுமா?"

"வீடு ஏது? மேல ஏலக்கா காயவைக்கிற ஸ்டோருக்குக் காவல் இருக்கேன். காய் எடுத்து முடிஞ்சா எல்லாரும் கீழ எறங்கிருவாக. பெறகு நானும் இந்த மாதிரி பொம்மைக பதினொண்ணுந்தான்."

அவள் சிரித்துவிட்டாள். "பேரு கீரு வச்சிருக்கீகளா?"

அவர் பொம்மையைத் துண்டால் மூடினார்.

"ஒண்ணுக்கு வச்சேன். போன கோடையில ஒருநா, சோத்த வடிச்சு எறக்கிட்டு, சாப்பிட வாடான்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். அதுலருந்து எதுக்கும் வைக்கிறதில்ல."